நிறுவன நெட்வொர்க்கில் ஐபி முகவரி வழங்கலை ஓரிடத்திலிருந்து நிர்வகித்தல்: முழுமையான வழிகாட்டி

பத்துக் கிளைகள் கொண்ட ஒரு நிறுவனத்தில் கணினிகளுக்கு ஐபி முகவரியை வழங்குவது எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில் வராது. தலைமையகத்தில் ஒரு விண்டோஸ் சர்வர் வழங்கும். ஒரு கிளையில் ஃபயர்வால், இன்னொன்றில் மைய ஸ்விட்ச், கிடங்கில் இணைய சேவை நிறுவனம் வைத்துவிட்டுப் போன ரவுட்டர். சாதாரண நாட்களில் இதனால் தொல்லை எதுவும் தெரியாது. கணினிப் பெயர்களுக்கு உரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை மாற்ற வேண்டி வரும்போது பத்து இடங்களில் நுழைய வேண்டும். அவற்றில் ஓரிரண்டின் கடவுச்சொல் யாரிடமும் இருக்காது. "சென்ற செவ்வாய்க்கிழமை மாலை இந்த முகவரி எந்தக் கணினியிடம் இருந்தது?" என்று பாதுகாப்புக் குழு கேட்டால் காட்டுவதற்குப் பதிவு இருக்காது.

இந்த நிலையிலிருந்து ஒழுங்கான மைய நிர்வாகத்துக்கு எப்படி நகர்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். என் கருத்தில் மையப்படுத்த வேண்டியவை இரண்டு: எந்த முகவரி யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்ற முடிவு, அந்த முடிவு நடந்தேறியதன் பதிவு. சர்வர் எந்த அறையில் ஓடுகிறது என்பது அதற்குப் பின் வரும் கேள்வி. சில கிளைகளில் அது கிளையிலேயே ஓடுவதுதான் சரி.

எடுத்துக்காட்டுக்காக, சென்னையில் தலைமையகமும் கோவை, மதுரை, ஓசூரில் கிளைகளும் ஏறத்தாழ 3,000 கருவிகளும் உள்ள ஒரு நிறுவனத்தை மனதில் வைத்துக்கொள்வோம்.

தொடங்கும் முன்: டிஹெச்சிபி எப்படி இயங்குகிறது

கருவிகளுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்க இன்று நாம் பயன்படுத்தும் டிஹெச்சிபி நெறிமுறை 1997 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 2131 என்ற இணையத் தர ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. நெட்வொர்க்கில் புதிதாக நுழையும் கருவி, முகவரி வேண்டும் என்று அனைவருக்கும் கேட்கும்படி 'டிஸ்கவர்' செய்தியை அனுப்புகிறது. சர்வர் ஒரு முகவரியை முன்வைத்து 'ஆஃபர்' அனுப்புகிறது. கருவி அதைக் கேட்டு 'ரிக்வெஸ்ட்' அனுப்ப, சர்வர் 'அக்' அனுப்பி உறுதி செய்கிறது. சர்வர் யுடிபி 67ஆம் போர்ட்டிலும் கருவி 68ஆம் போர்ட்டிலும் கேட்கின்றன.

முகவரி நிரந்தரமாகத் தரப்படுவதில்லை. ஒரு கால வரையறையோடு, அதாவது லீஸாகத் தரப்படுகிறது. லீஸ் காலத்தில் பாதி கழிந்ததும் கருவி தனக்கு முகவரி தந்த சர்வரிடமே நேரடியாகச் சென்று புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் 87.5 விழுக்காடு கழிந்த பிறகு, எந்த சர்வராவது பதில் சொல்லட்டும் என்று பொதுவாகக் கேட்கும். அப்போதும் கிடைக்காமல் காலம் முடிந்துவிட்டால் முகவரியைக் கைவிட வேண்டும். பாதிக் காலம், 87.5 விழுக்காடு என்ற இந்த இரண்டு எல்லைகளை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பல முடிவுகள் இவற்றின் மேல்தான் நிற்கின்றன.

படி 1: இருப்பதைக் கணக்கெடுங்கள்

ஒவ்வொரு கிளையிலும் எந்தக் கருவி முகவரி வழங்குகிறது, எந்த வரம்பிலிருந்து வழங்குகிறது, லீஸ் காலம் எவ்வளவு, டிஎன்எஸ், கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குச் செல்லும் வழி) என என்ன தருகிறது என்று எழுதுங்கள். ஸ்விட்சுகளில் ஏஆர்பி அட்டவணையையும் (எந்த ஐபி முகவரி எந்த மேக் முகவரியிடம்) மேக் அட்டவணையையும் (கருவியின் வன்பொருள் முகவரியான மேக் எந்தப் போர்ட்டில்) வேலைநாளில் சில முறை எடுத்து, டிஹெச்சிபி பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாமல் நெட்வொர்க்கில் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு முகவரியும் யாரோ கையால் போட்டது. அச்சு இயந்திரங்கள், கேமராக்கள், வருகைப் பதிவுக் கருவிகள், பழைய தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இப்படித்தான் வெளிப்படும். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் எந்த மாற்றமும் முகவரி மோதலில் முடியும்.

படி 2: முகவரித் திட்டம்

ஒரு முகவரியைப் பார்த்ததும் அது எந்த ஊர், எந்த வேலைக்கான கருவி என்று தெரிய வேண்டும். திட்டத்தின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட 10.0.0.0/8 தொகுதியை எடுத்துக்கொண்டு, தலைமையகத்துக்கு 10.10.0.0/16, கோவைக்கு 10.20.0.0/16, மதுரைக்கு 10.30.0.0/16, ஓசூருக்கு 10.40.0.0/16 என்று பிரியுங்கள் (/16 என்றால் முதல் இரண்டு எண்கள் மாறாதவை, /24 என்றால் முதல் மூன்று). மூன்றாவது எண்ணைப் பயன்பாட்டுக்கு வையுங்கள்: 10 என்றால் ஊழியர் கணினி, 20 தொலைபேசி, 30 அச்சு இயந்திரம், 40 கேமரா, 50 விருந்தினர் வைஃபை. அப்போது 10.20.30.0/24 என்பது கோவைக் கிளையின் அச்சு இயந்திரங்கள். வி-லேன் (ஸ்விட்சுகளுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) எண்ணும் அதே 30 ஆகட்டும். ஊழியர் தொகை ஒரு /24 தொகுதிக்குள் அடங்காத தலைமையகத்தில் தளத்துக்கு ஒன்றாக 11, 12, 13 என்று தொடரலாம்.

இந்த ஒழுங்கால் கிளைக்கு ஒரே ரூட் போதும். ஃபயர்வால் விதிகளும் சுருங்கும். கிளைகளுக்கு இடையே எண்களில் இடைவெளி விட்டிருப்பது வேண்டுமென்றுதான்: கோவையில் இரண்டாவது கட்டடம் வந்தால் 10.21 காத்திருக்கிறது.

192.168.0.0, 192.168.1.0 ஆகிய இரண்டு தொகுதிகளையும் அலுவலகத்தில் பயன்படுத்தாதீர்கள். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் இவற்றையே தருகின்றன; ஊழியர் வீட்டிலிருந்து விபிஎன் வழியாக இணையும்போது இரு பக்கமும் ஒரே எண் வந்து வழி குழம்பும். 172.17.0.0/16 தொகுதியை டாக்கர் தன் உள் நெட்வொர்க்குக்கு இயல்பாக எடுத்துக்கொள்கிறது, அதையும் விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு /24 தொகுதிக்குள்ளும் ஒரே பிரிவினை இருக்கட்டும். 1 முதல் 20 வரை கேட்வே, ஸ்விட்ச் போன்றவற்றுக்கு. 21 முதல் 50 வரை, மேக் முகவரிக்குக் கட்டிவைக்கும் முன்பதிவுகளுக்கு. 51 முதல் 240 வரை, அதாவது 190 முகவரிகள், பொதுவில் வழங்க. மீதி கையிருப்பு.

அச்சு இயந்திரத்துக்கும் கேமராவுக்கும் கையால் முகவரி போடும் பழக்கத்தை இத்தோடு நிறுத்துங்கள். அவற்றுக்கு முன்பதிவு போதும்: மாறாத முகவரியும் கிடைக்கும், டிஎன்எஸ் மாறும்போது ஏணி ஏறிக் கேமராவைத் திருத்தவும் வேண்டியதில்லை. கையால் போடுவது சர்வர்களுக்கும் நெட்வொர்க் கருவிகளுக்கும் மட்டும் இருக்கட்டும்.

இந்தத் திட்டத்தை எக்செல் கோப்பில் வைத்தால் ஆறு மாதத்தில் மூன்று பிரதிகள் சுற்றும். நெட்பாக்ஸ், பிஹெச்பிஐபேம் போன்ற திறமூல முகவரி மேலாண்மை மென்பொருள்களில் ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். இதில் நெட்பாக்ஸ் தானே முகவரி வழங்காது. எது எங்கே இருக்க வேண்டும் என்ற அதிகாரபூர்வ பதிவாக இருக்கும். விண்டோஸ் சர்வரில் 2012 பதிப்பு முதல் ஐபேம் என்ற வசதி உள்ளது. அது பல டிஹெச்சிபி, டிஎன்எஸ் சர்வர்களை ஒரே திரையில் காட்டி மாற்றவும் விடும். ஆனால் அதை டொமைன் கன்ட்ரோலர் (நிறுவனத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் சர்வர்) மேல் நிறுவ முடியாது. தனி சர்வர் வேண்டும்.

படி 3: எந்த மென்பொருள்

ஆக்டிவ் டைரக்டரி (பயனர், கணினிக் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) ஏற்கெனவே இருக்கும் நிறுவனத்துக்கு விண்டோஸ் சர்வரின் டிஹெச்சிபி இயல்பான தேர்வு. லினக்ஸ் அணி வலுவாக இருந்தால் ஐஎஸ்சி அமைப்பின் கியா என்ற டிஹெச்சிபி மென்பொருள் நல்லது. அதன் அமைப்பு முழுவதும் ஜேசன் கோப்பில் இருக்கும், ஏபிஐ வழியாக மாற்றலாம், லீஸ்களை மைஎஸ்க்யூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் வைக்கலாம், ஸ்டார்க் என்ற துணை மென்பொருள் வரைகலைத் திரையைத் தரும். பழைய ஐஎஸ்சி டிஹெச்சிபி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கைவிடும் நேரம் வந்துவிட்டது. 2022 இறுதியோடு அதன் பராமரிப்பை ஐஎஸ்சி நிறுத்திவிட்டது. இன்ஃபோபிளாக்ஸ், ப்ளூகேட் போன்ற வணிகத் தயாரிப்புகள் டிஎன்எஸ், டிஹெச்சிபி, முகவரி மேலாண்மை மூன்றையும் ஒரே பெட்டியில் தருகின்றன. பல ஊர்களில் பல்லாயிரம் கருவிகள் உள்ள இடத்தில் அவற்றின் விலைக்குப் பொருள் உண்டு.

கீழே விண்டோஸை வைத்தே விளக்குகிறேன். கியாவில் பெயர்கள் மாறும், தர்க்கம் பெரும்பாலும் அதுவேதான்.

படி 4: ஸ்கோப்களும் ஆப்ஷன்களும்

ஒவ்வொரு சப்நெட்டுக்கும் (10.20.30.0/24 போன்ற ஒரு முகவரித் தொகுதி) ஒரு ஸ்கோப், அதாவது அந்தத் தொகுதியில் வழங்கும் வரம்பும் அதன் அமைப்புகளும். பெயரில் ஊர், பயன்பாடு, வி-லேன் எண் மூன்றும் இருக்கட்டும்: 'கோவை-அச்சு-30' என்பதுபோல.

கருவிக்கு முகவரியோடு சேர்த்துத் தரப்படும் தகவல்கள் ஆப்ஷன்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 3 கேட்வே, 6 டிஎன்எஸ், 15 டொமைன் பெயர், 42 நேர சர்வர், 66, 67 ஆகியவை நெட்வொர்க் வழியாகத் துவங்கும் கணினிகளுக்கு, 150 சிஸ்கோ தொலைபேசிகளுக்கு. எல்லா இடத்துக்கும் பொதுவானவற்றைச் சர்வர் மட்டத்தில் ஒரே முறை எழுதுங்கள். ஊருக்கு ஊர் மாறுவதை மட்டும் ஸ்கோப் மட்டத்தில் எழுதுங்கள். ஸ்கோப்பில் எழுதியது சர்வரில் எழுதியதை மீறும். டிஎன்எஸ்ஸை நாற்பது ஸ்கோப்களிலும் தனித்தனியே எழுதிவைத்தால், மையப்படுத்திய பிறகும் நாற்பது இடத்தில் மாற்றும் வேலை அப்படியே இருக்கும்.

படி 5: லீஸ் காலம்

விண்டோஸில் இயல்பு மதிப்பு 8 நாள். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. இந்த ஓர் எண் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதிலாக இருப்பதால் அதை யோசித்துத்தான் வைக்க வேண்டும்.

முதல் கேள்வி: சர்வர் எவ்வளவு நேரம் இல்லாமல் போனால் தாங்கலாம்? 8 நாள் லீஸில் கருவிகள் 4ஆம் நாளில் புதுப்பிக்கின்றன. ஆகவே எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் கருவியின் கையில் எந்த நேரத்திலும் குறைந்தது 4 நாள் மீதி இருக்கும். வெள்ளி மாலை சர்வர் நின்றால் திங்கள் வரை அவற்றுக்குப் பாதிப்பில்லை. பாதிக்கப்படுவது புதிதாக வருபவை. லீஸ் காலத்தை 2 மணி நேரமாக வைத்தால் கையிருப்பு 1 மணி நேரம்தான்.

இரண்டாவது கேள்வி: போனவர் விட்டுச்சென்ற முகவரி எப்போது திரும்பி வரும்? விருந்தினர் வைஃபையில் 190 முகவரிகள், நாளொன்றுக்கு 100 புதிய கைபேசிகள் என்று வையுங்கள். 8 நாள் லீஸ் என்றால் இரண்டாம் நாளிலேயே முகவரி தீர்ந்துவிடும். அறையில் அப்போது இருப்பவர்கள் இருபது பேராகவே இருக்கலாம். 2 மணி நேர லீஸ் வைத்தால் அதே 190 தாராளம். இன்னொன்றும் உண்டு: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் வைஃபைக்குத் தம் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் தற்செயலான ஒன்றைக் காட்டுகின்றன. ஒரே கைபேசி பல வைஃபை பெயர்களில் பல கருவிகளாகத் தெரியும். மேக்கை நம்பிக் கைபேசிகளுக்கு முன்பதிவு செய்வதும் இனி உதவாது.

என் பரிந்துரை: கம்பியில் இணைந்த கணினி, அச்சு இயந்திரம், தொலைபேசிக்கு 8 நாள். ஊழியர் வைஃபைக்கு 1 நாள். விருந்தினருக்கு 2 முதல் 4 மணி நேரம். குறுகிய லீஸ் சர்வரைத் திணறடிக்கும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 3,000 கருவிகளுக்கும் 8 மணி நேர லீஸ் என்றாலும் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பு, அதாவது நிமிடத்துக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று கோரிக்கைகள். எந்தச் சாதாரண சர்வருக்கும் இது ஒன்றுமே இல்லை.

படி 6: ரிலே

டிஸ்கவர் செய்தி ரவுட்டரைத் தாண்டாது. கோவைக் கணினியின் குரல் சென்னைச் சர்வருக்குக் கேட்க, கோவையின் கேட்வே அதை வாங்கிச் சர்வருக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். அதுதான் ரிலே. சிஸ்கோவில் 'ஐபி ஹெல்பர்-அட்ரஸ்' என்ற கட்டளை. ஒவ்வொரு வி-லேன் இடைமுகத்திலும் இரு சர்வர்களின் முகவரிகளையும் எழுதுங்கள். ரிலே தன் முகவரியைச் செய்திக்குள் எழுதி அனுப்பும். அதைப் பார்த்துத்தான் எந்த ஸ்கோப்பிலிருந்து தருவது என்று சர்வர் முடிவு செய்கிறது.

மூன்று இடங்களில் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள்.

சர்வரின் பதில், ரிலே செய்திக்குள் எழுதிய முகவரிக்கே, அதாவது அந்த வி-லேனின் கேட்வே முகவரிக்கே திரும்பிச் செல்கிறது. எனவே சர்வரிலிருந்து 10.20.30.1 போன்ற ஒவ்வொரு கேட்வே முகவரிக்கும் வழி இருக்க வேண்டும். கிளை ரவுட்டரின் வெளிப்பக்க முகவரிக்கு பிங் போகிறது என்பது போதாது. கேட்வேயில் எச்எஸ்ஆர்பி அல்லது விஆர்ஆர்பி (இரு ரவுட்டர்கள் ஒரே கேட்வே முகவரியைப் பகிரும் முறைகள்) இருந்தால் இரு ரவுட்டர்களின் உண்மையான முகவரிகளுக்கும் வழி திறந்திருக்கட்டும்.

அடுத்தது, ஃபயர்வால் விதி. முதல் முறை முகவரி பெறுவது ரிலே வழியாக. ஆனால் பாதிக் காலத்தில் வரும் புதுப்பிப்பு, கருவியிடமிருந்து சர்வருக்கு நேரடியாகச் செல்கிறது. ரிலேக்கு மட்டும் அனுமதி கொடுத்த ஃபயர்வால் இதைத் தடுத்துவிடும். 87.5 விழுக்காட்டில் கருவி பொதுவாகக் கேட்கும்போது ரிலே மீண்டும் உதவுவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்; கோளாறு மாதக்கணக்கில் மறைந்திருக்கும். ஊழியர் வி-லேன்களிலிருந்து சர்வரின் யுடிபி 67க்கு நேரடி அனுமதியை மறக்காமல் சேருங்கள்.

மூன்றாவது, ஸ்விட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (அன்னிய சர்வர்களைத் தடுக்கும் வசதி, படி 9இல் வருகிறது) இயங்கும்போது, செய்தி எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்று சொல்லும் 82ஆம் ஆப்ஷனை அது செய்திக்குள் சேர்க்கும். ரிலே முகவரி இன்னும் எழுதப்படாத நிலையில் 82 மட்டும் இருக்கும் செய்தியைச் சில சிஸ்கோ ரிலேக்கள் சந்தேகத்தோடு எறிந்துவிடும். ஸ்விட்சில் 82ஐச் சேர்ப்பதை நிறுத்துங்கள், அல்லது ரிலேயில் அதை நம்பும்படி அமைத்துவிடுங்கள்.

படி 7: இரண்டு சர்வர்கள், ஒரு லீஸ் பட்டியல்

ஒரே சர்வரை நம்பி 3,000 கருவிகளை வைக்கக் கூடாது. விண்டோஸ் சர்வர் 2012 முதல் ஐபிவி4 ஸ்கோப்களுக்கு ஃபெயில்ஓவர் வசதி (ஒன்று நின்றால் மற்றது தொடர்வது) உண்டு. இரு சர்வர்கள் டிசிபி 647ஆம் போர்ட் வழியாக லீஸ்களைப் பகிர்ந்துகொள்ளும். இரண்டின் கடிகாரங்களும் ஒரு நிமிடத்துக்கு மேல் விலகாமல் இருக்க வேண்டும்.

இதில் இரு முறைகள் உள்ளன. சுமைப் பகிர்வில் இரண்டும் பதில் சொல்லும். கருவியின் மேக் முகவரியைக் கொண்டு எது பதில் சொல்வது என்று கணக்கிடும். தலைமையகத்துக்கு இதுவே பொருத்தம். ஹாட் ஸ்டாண்ட்பை முறையில் ஒன்று மட்டும் வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். கிளைகளுக்கு இது ஏற்றது.

ஒரு சர்வர் திடீரென்று பேசாமல் போனால் மற்றது முதலில் 'தொடர்பு துண்டிப்பு' நிலைக்குச் செல்கிறது. அப்போது பழைய கருவிகளுக்குப் புதுப்பித்துத் தரும். புதியவற்றுக்குத் தன் பங்கிலிருந்து மட்டும் தரும். ஹாட் ஸ்டாண்ட்பையில் காத்திருக்கும் சர்வரின் பங்கு இயல்பாக 5 விழுக்காடு. 190 முகவரிகளில் அது ஒன்பது. பத்தாவது புதிய மடிக்கணினிக்கு முகவரி கிடையாது. அந்தப் பங்கை 15 விழுக்காடாக உயர்த்துங்கள். கூட்டாளி உண்மையிலேயே செத்துவிட்டது என்று நிர்வாகி உறுதி செய்து 'பார்ட்னர் டவுன்' நிலைக்கு மாற்றினால், எம்சிஎல்டி எனப்படும் காத்திருப்புக் காலம் கழிந்த பிறகு முழு வரம்பையும் அது எடுத்துக்கொள்ளும். அதன் இயல்பு மதிப்பு 1 மணி நேரம். இந்த மாற்றம் தானாக நடக்கும்படியும் வைக்கலாம். ஆனால் கேபிள் அறுந்தாலும் சர்வர் செத்தாலும் மறுபுறத்துக்கு ஒரே மாதிரிதான் தெரியும். உயிரோடு உள்ள இரு சர்வர்களும் முழு வரம்பும் தமக்கே என்று நினைத்துவிட்டால் முகவரிகள் மோதும். எனவே அந்த நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்து வைக்காதீர்கள்.

எல்லோரையும் எச்சரிக்க விரும்பும் ஒன்று: தானாகப் பகிரப்படுபவை லீஸ்கள் மட்டும்தான். ஸ்கோப்பில் நீங்கள் செய்யும் மாற்றங்கள், புதிய முன்பதிவு, ஆப்ஷன் திருத்தம் எதுவும் மறு சர்வருக்குத் தானாகப் போகாது. 'ரெப்ளிகேட்' கட்டளையை நீங்கள் இட வேண்டும். சர்வர் மட்டத்தில் எழுதிய ஆப்ஷன்களை இரு சர்வர்களிலும் தனித்தனியே எழுத வேண்டும். ஒவ்வோர் இரவும் இரு பக்கத்தையும் ஒப்பிட்டு வேறுபாட்டை மின்னஞ்சலில் அனுப்பும் ஒரு சிறு பவர்ஷெல் நிரலைக் கட்டாயம் எழுதி வையுங்கள்.

படி 8: கிளைக்குச் சர்வர் வேண்டுமா

கிளையின் இணைப்பு அறுந்தால் அங்கே என்ன வேலை நடக்கும் என்று கேளுங்கள். மதுரைக் கிளையில் அனைவரும் தலைமையக மென்பொருளில்தான் வேலை செய்கிறார்கள் என்றால், இணைப்பு இல்லாத நேரத்தில் முகவரி கிடைத்தும் பயனில்லை. அங்கே சர்வர் வேண்டாம், ரிலே போதும். ஓசூரில் உற்பத்திக் கூடமும் பார்கோடு கருவிகளும் உள் சர்வரும் உள்ளன. இணைப்பு போனாலும் கூடம் ஓட வேண்டும். அங்கே கிளையிலேயே ஒரு சர்வரை முதன்மையாக வைத்து, சென்னைச் சர்வரைக் காத்திருக்கும் கூட்டாளியாக ஆக்குங்கள். ஒரே தலைமையகச் சர்வர் பல கிளைச் சர்வர்களுக்கு இப்படிக் கூட்டாளியாக இருக்கலாம். அமைப்பும் பதிவும் மையத்தில் இருக்கும். வழங்கும் வேலை மட்டும் ஓசூரில்.

படி 9: அன்னிய சர்வர்களைத் தடுத்தல்

ஊழியர் ஒருவர் வைஃபை சரியாக வரவில்லை என்று வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து சுவரிலுள்ள இணைப்பில் செருகுகிறார். அது 192.168.1 முகவரிகளைத் தர ஆரம்பிக்கிறது. அந்தத் தளமே செயலிழக்கிறது. விண்டோஸ் டிஹெச்சிபி சர்வரை ஆக்டிவ் டைரக்டரியில் அங்கீகரிக்க வேண்டும் என்ற விதி இதைத் தடுக்காது. அது டொமைனில் உள்ள விண்டோஸ் சர்வர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். தடுக்க வேண்டிய இடம் ஸ்விட்ச்.

டிஹெச்சிபி ஸ்னூப்பிங் வசதியில், சர்வர் இருக்கும் திசையிலுள்ள போர்ட்டுகளை நம்பகமானவை என்று குறிக்கிறோம். மற்ற போர்ட்டுகளிலிருந்து ஆஃபர், அக் செய்திகள் வந்தால் ஸ்விட்ச் எறிந்துவிடும். வரிசை முக்கியம்: முதலில் மேல்நோக்கிய இணைப்புகளை நம்பகமாக்குங்கள், பிறகு வி-லேனில் இயக்குங்கள். தலைகீழாகச் செய்தால் உண்மையான சர்வரின் பதிலும் எறியப்படும்.

எந்த முகவரி எந்தப் போர்ட்டில் என்று ஸ்னூப்பிங் உருவாக்கும் அட்டவணையை வைத்து ஏஆர்பி ஏமாற்றுகளை (வேறொரு கருவியின் முகவரியைத் தன்னுடையது என்று பொய் சொல்வது) தடுக்கும் டைனமிக் ஏஆர்பி ஆய்வையும் இயக்கலாம். அதற்கு முன் அந்த அட்டவணையை ஃபிளாஷிலோ வெளிச் சர்வரிலோ சேமிக்க அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மின்தடைக்குப் பின் ஸ்விட்ச் எழும்போது அட்டவணை காலியாக இருக்கும். செல்லுபடியாகும் லீஸ் வைத்திருப்பவர்களும் தடுக்கப்படுவார்கள். கையால் முகவரி போட்ட கருவிகளுக்குத் தனி விதி எழுத வேண்டும். படி 1இல் எடுத்த கணக்கு இங்கே உதவும்.

படி 10: டிஎன்எஸ்ஸோடு இணைத்தல்

லீஸ் தரும்போதே பெயரை டிஎன்எஸ்ஸில் பதிவு செய்ய டிஹெச்சிபி சர்வரை அனுமதிக்கலாம். அதற்கெனத் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, இரு சர்வர்களிலும் அதே கணக்கை எழுதுங்கள். வேறுவேறாக இருந்தால் ஒன்று எழுதிய பதிவை மற்றது திருத்த முடியாது. டிஎன்எஸ்ஸில் பழைய பதிவுகளை அகற்றும் காலம் விண்டோஸில் புதுப்பிக்க விடாத 7 நாள், புதுப்பிக்க விடும் 7 நாள் என இயல்பாக அமைந்துள்ளது. 1 நாள் லீஸ் தரும் வைஃபையில் இது பொருந்தாது. ஒரே முகவரிக்கு நான்கு பெயர்கள் சேர்ந்துவிடும். லீஸ் முடிந்ததும் பதிவையும் நீக்கும் தேர்வை இயக்குங்கள்.

படி 11: மாற்றும் நாள்

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரு கிளையின் ஒரு வி-லேனில் தொடங்குங்கள், ஊழியர் கணினிகளில் தொடங்குவது நல்லது. கோளாறு உடனே தெரியும், சரிசெய்வதும் எளிது. கேமராக்கள் கடைசியில்.

மாற்றத்துக்கு 8 நாள் முன்பே பழைய சர்வரில் லீஸ் காலத்தை 1 மணி நேரமாகக் குறையுங்கள். பழைய 8 நாள் லீஸ் வைத்திருப்பவை அதற்குள் புதிய குறுகிய காலத்துக்கு வந்துவிடும். அந்த நாளில் பழைய ஸ்கோப்பை நிறுத்தி, லீஸ்களோடு சேர்த்துப் புதிய சர்வருக்கு இறக்குமதி செய்து, ரிலே முகவரியை மாற்றுங்கள். விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கு மாறும்போது பவர்ஷெல்லில் இதற்கான ஏற்றுமதி, இறக்குமதிக் கட்டளைகள் உள்ளன. பழைய கருவியிலிருந்து பட்டியலை எடுக்க வழியில்லை என்றால், சர்வரில் மோதல் சோதனையை இயக்கி, வழங்குமுன் ஒரு பிங் அனுப்பிப் பார்க்கச் செய்யுங்கள். எல்லாம் நிலைபெற்ற பிறகு அதை அணைத்துவிட்டு, லீஸ் காலத்தையும் உரிய அளவுக்கு உயர்த்துங்கள்.

169.254 என்று தொடங்கும் முகவரி எந்தக் கணினியிலாவது தெரிந்தால் அதற்குச் சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை என்று பொருள். அப்போது கையால் சரியான முகவரி போட்டு கேட்வேக்கு பிங் போகிறதா பாருங்கள். போகாவிட்டால் வி-லேன் தவறு. போனால், சர்வரில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பாருங்கள்: டிஸ்கவர் வரவே இல்லை என்றால் ரிலே, வந்து ஆஃபரும் புறப்பட்டிருந்தால் திரும்பும் வழி, வந்தும் சர்வர் மௌனமாக இருந்தால் ஸ்கோப் இல்லை, அல்லது தீர்ந்துவிட்டது.

ஐபிவி6 பற்றி

மேலே சொன்னவை ஐபிவி4 முகவரிகளுக்கானவை; அதன் அடுத்த தலைமுறையான ஐபிவி6 இயங்கும் இடத்தில் டிஹெச்சிபிவி6 கேட்வேயைத் தராது. அது ரவுட்டர் அறிவிப்பிலிருந்துதான் வரும். ஆண்ட்ராய்டு கைபேசிகள் டிஹெச்சிபிவி6 வழியாகத் தனி முகவரி பெறுவதில்லை. எனவே கைபேசிகள் உள்ள வைஃபையில் ரவுட்டர் அறிவிப்பைக் கொண்டு கருவியே முகவரி அமைத்துக்கொள்ளும் தானியங்கி முறையையே விட்டுவைத்து, யார் எந்த முகவரியில் இருந்தார் என்பதை ரவுட்டரின் அண்டை அட்டவணையிலிருந்து (ஐபிவி6இல் ஏஆர்பி அட்டவணையின் இடத்தில் இருப்பது) சேகரியுங்கள்.

படி 12: பதிவும் கண்காணிப்பும்

ஒவ்வொரு ஸ்கோப்பும் 80 விழுக்காடு நிரம்பியதும் எச்சரிக்கை வரட்டும். விண்டோஸ் தணிக்கைப் பதிவில் 14ஆம் எண் நிகழ்வு, ஸ்கோப்பில் முகவரி தீர்ந்துவிட்டது என்பதைக் குறிக்கும். 13ஆம் எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள முகவரி கண்டறியப்பட்டதைக் குறிக்கும். இந்த இரண்டுக்கும் உடனடி அறிவிப்பு வையுங்கள்.

இந்தத் தணிக்கைப் பதிவு கிழமைக்கு ஒரு கோப்பாக ஏழு கோப்புகளில் எழுதப்படுகிறது. அடுத்த வாரம் அதே கிழமை வரும்போது பழையது அழிந்துவிடும். இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அவசர நடவடிக்கை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்கு நாட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்கிறது. இயல்பு அமைப்பை அப்படியே விட்டால் உங்களிடம் இருப்பது ஒரு வாரப் பதிவுதான். கோப்புகளை நாள்தோறும் மையப் பதிவுச் சர்வருக்கு அனுப்ப அமையுங்கள். மேக் முகவரி, ஐபி முகவரி, கணினிப் பெயர், நேரம் ஆகிய நான்கையும் தேடக்கூடிய வடிவில் வையுங்கள். அதே உத்தரவு கடிகாரங்களை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வர்களோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது.

இரு சர்வர்களும் பதிவுச் சர்வரும் தயாரான பின், வேலைநாள் ஒன்றின் காலை பத்து மணிக்கு, முன்னறிவிப்போடு, முதன்மைச் சர்வரை நிறுத்துங்கள். புதிய மடிக்கணினி ஒன்றை ஒவ்வொரு கிளையிலும் இணைத்து முகவரி வருகிறதா, எந்தச் சர்வரிடமிருந்து வருகிறது, அது பதிவில் விழுகிறதா என்று பாருங்கள். பிறகு முதன்மையை எழுப்பி, மற்றதை நிறுத்தி அதையே திரும்பச் செய்யுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை இந்தச் சோதனையை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.